புலுனி அளவா, காகம் அளவா? காலை நடைக்காரரின் பறவைக் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் "இது என்ன குருவி?" என்ற வகைதான் கூட. எழுதியவர்களில் பலர் நிறத்தோடு நிறுத்திவிட்டார்கள். "கறுப்பு, வால் நீளம்" என்றால் நாலைந்து பறவையைச் சொல்லலாம். நிழலுக்குள் நிற்கும் கொண்டைக்குருவியும் கறுப்பாகத்தான் தெரியும். இனி எழுதும்போது முதலில் மூன்றைச் சொல்லுங்கள். எதன் அளவு: தேன்சிட்டா, புலுனியா (தவிட்டுக்குருவி), மைனாவா, காகமா? எங்கே இருந்தது: நிலத்திலா, கம்பியிலா, இலைக்குள்ளா, மர உச்சியிலா? என்ன செய்துகொண்டிருந்தது? நிறம் நாலாவதாக வரட்டும்.

கேள்வி: வைத்தியர் காலையில் நடக்கச் சொல்லியிருக்கிறார். நடையோடு பறவையும் பார்க்கலாம் என்று ஆசை. யாழ்ப்பாண நகருக்குள் எங்கே போவது, எத்தனை மணிக்கு? (வாசகர், வண்ணார்பண்ணை)

பதில்: சூரியன் எழும்பியதிலிருந்து ஒன்றரை மணித்தியாலம்தான் நல்ல நேரம். தை மாதத்தில் இங்கே சூரியோதயம் ஆறரை அளவில். ஆனியில் ஆறுக்குச் சற்று முன். எட்டரை தாண்டினால் பறவைகள் நிழலுக்குள் அடங்கிவிடும். உங்களுக்கும் தலை சுடும்.

இரண்டு இடம் போதும். மரத்துப் பறவைகளுக்குப் பழைய பூங்கா. 19ஆம் நூற்றாண்டில் இங்கே அரசாங்க அதிபராக இருந்த டைக் துரை உண்டாக்கிய வளவு அது. கண்டி வீதியில் கச்சேரியை ஒட்டி இருக்கிறது. முதிர்ந்த மரங்கள் இப்படிக் கூட்டமாக நிற்பதை நகருக்குள் வேறு இடத்தில் காண்பது அரிது. பொந்து வேண்டிய மரங்கொத்தி, கிளி, மைனா எல்லாம் அதனால்தான் அங்கே. நீர்ப்பறவைக்கு வேறு பாதை: சுப்பிரமணியம் பூங்காவில் தொடங்கி, பொது நூலகத்தடியால் புல்லுக்குளத்துக்குப் போய், கோட்டை அகழியோரமாகப் பண்ணைப் பாலத்தடிக்கு வாருங்கள். நின்று பார்த்து நடந்தால் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் பிடிக்கும். பண்ணையில் நகரை முதுகுக்குப் பின் விட்டு வேலணைப் பக்கம் பார்த்து நடந்தால் காலை வெயிலும் பின்னால் இருக்கும். திரும்பி வரும்போது அதே கொக்கு வெறும் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். ஆகவே பார்க்க வேண்டியதைப் போகும்போதே பார்த்துவிட வேண்டும்.

வைத்தியர் சொன்ன வேக நடைக்கும் பறவைக்கும் ஒத்துவராது. முதலில் வேகமாக நாலு சுற்று நடந்து அந்தக் கடனைக் கழித்துவிட்டு, பிறகு இருபது அடிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நில்லுங்கள். பழம் பழுத்த ஆலோ அத்தியோ கண்டால் பத்து நிமிடம் நிற்கலாம். மரத்துக்குக் கிழக்கே நின்று மேற்கே பாருங்கள். காதில் பாட்டு வேண்டாம். பூங்காவில் இருக்கும் பறவைகளில் பாதியைக் கண்ணுக்கு முன் காதுதான் பிடிக்கும்.

அந்த ஆலமரத்தில் "டொக், டொக், டொக்" என்று செப்புத் தகட்டில் தட்டுவதுபோல ஒரு சத்தம், நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல், விடாமல் வரும். மரங்கொத்தி என்று நினைத்துத் தண்டைத் தேடுவார்கள். கத்துவது குக்குறுவான், சிட்டுக்குருவியை விடச் சற்றுப் பெரிய, குண்டான பச்சைப் பறவை, நெற்றியும் மார்பும் சிவப்பு, பெரும்பாலும் உச்சியில் இலையில்லாத கொப்பில் இருக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் தொண்டை உப்பும், சொண்டு மூடியபடியே இருக்கும். கத்திக்கொண்டே தலையை இடமும் வலமும் திருப்புவதால் சத்தம் இடம் மாறுவதுபோல இருக்கும். காதை நம்பித் தண்டைச் சுற்றாமல் உச்சிக் கொப்புகளைப் பாருங்கள்.

கேள்வி: மகன் கனடாவிலிருந்து 20×50 என்று போட்ட தொலைநோக்கி ஒன்று அனுப்பியிருக்கிறான். பார்த்தால் எல்லாம் நடுங்குகிறது, சில நேரம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. சாமான் பழுதா, என் கண் பழுதா? (வாசகி, கொக்குவில்)

பதில்: நடுக்கத்துக்குக் காரணம் ஒன்று, இரண்டாகத் தெரிவதற்குக் காரணம் வேறு.

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். 20 மடங்கு பறவையைப் பெரிதாக்கினால் கை நடுக்கத்தையும் 20 மடங்கு பெரிதாக்கும். பத்துக்கு மேற்பட்டதைக் கையில் பிடித்துப் பறவை பார்ப்பது கஷ்டம். அடுத்து வெளிச்சம். இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். உங்களுடையதில் 50ஐ 20ஆல் வகுத்தால் 2.5 மில்லிமீற்றர். 8×42 இல் அது 5.25. விடியற்காலையில் கண்மணி ஐந்து மில்லிமீற்றர் வரை விரியும்; உங்கள் கருவியின் ஒளிவட்டம் அதில் பாதி அகலம்தான். மர நிழலில் எல்லாம் மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

இரட்டைத் தோற்றத்துக்கு முதலில் சரிசெய்யும் முறையைப் பாருங்கள். நடுவில் உள்ள கீலை மடித்து விரித்து, இரண்டு வட்டமும் ஒன்றாகும் வரை கொண்டு வாருங்கள். கண்ணாடி போடுபவர் கண்வளையத்தை உள்ளே இறக்கி வைக்க வேண்டும்; போடாதவர் வெளியே இழுக்க வேண்டும். பிறகு நூறடி தூரத்தில் எழுத்துள்ள ஒரு பலகையைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்க முன் கண்ணாடியைக் கையால் மறைத்து, நடுச் சில்லைத் திருகி இடக்கண்ணுக்கு எழுத்தைத் தெளிவாக்குங்கள். இப்போது இடப்பக்கத்தை மறைத்து, நடுச் சில்லைத் தொடாமல், வலக்கண் பக்கத்தில் உள்ள சின்ன வளையத்தை மட்டும் திருகித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். வீட்டில் இன்னொருவர் எடுத்துப் பார்த்தால் மாறிவிடும்; பொட்டிருந்தால் திரும்பக் கொண்டுவரலாம். அதற்குப் பிறகு நடுச் சில்லு மட்டுமே வேலை.

இவ்வளவும் செய்த பிறகும் இரண்டாகத் தெரிந்தால், உள்ளே ஒளியைத் திருப்பும் பட்டகம் (பிரிசம்) பயணத்தில் ஆட்டம் கண்டிருக்கலாம். தூரத்தில் கிடையாகப் போகும் மின்கம்பியைப் பார்த்தபடி கருவியை மெல்லக் கண்ணிலிருந்து ஒரு சாண் பின்னுக்கு எடுங்கள். இரண்டு குழாயிலும் கம்பி ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஒன்றில் மேலும் ஒன்றில் கீழுமாகப் படி விழுந்தால் அச்சு விலகிவிட்டது. வீட்டில் திருகாணியைக் கழற்றக் கூடாது. கழற்றினால் தூசும் உள்ளே போகும், அச்சும் இன்னும் மோசமாகும். அச்சு விலகிய கருவியால் பார்த்தால் தலையிடிதான் மிச்சம். அச்சு நேராக இருந்தால் மகன் காசு வீண் போகவில்லை: முக்காலியில் பூட்டிப் பண்ணையில் தூரத்து உள்ளான்களைப் பார்க்க 20 மடங்கு மிக நல்லது. பூங்காவுக்கு வாங்குவதானால் 8×42. கழுத்து நோவு உள்ளவருக்கு 8×32.

இங்கே தொலைநோக்கியைக் கொல்வது உப்புக்காற்றும் மாரிகாலப் பூஞ்சையும். பண்ணைக்குப் போய் வந்த அன்று வெளி உடலை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். கண்ணாடியில் மணல் இருந்தால் முதலில் ஊதும் பம்பால் ஊதி, பிறகு மெல்லிய தூரிகையால் தட்டி, கடைசியாகத்தான் துணி. வேட்டித் தலைப்பால் துடைத்தால் ஒரு வருடத்தில் கண்ணாடி முழுக்கக் கீறல். ஐப்பசி முதல் தை வரை, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசி போட வேண்டாம், தூசு.

பறவையைக் கருவிக்குள் பிடிக்க முடியவில்லை என்பது எல்லாருடைய முறைப்பாடும். பறவையைக் கண்டதும் குனிந்து கருவியைத் தேடாதீர்கள். கண்ணைப் பறவையிலேயே வைத்துக்கொண்டு கருவியை முகத்துக்குத் தூக்குங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் ஒருபோதும் தூக்கக் கூடாது.

கேள்வி: கொழும்பில் மகள் வீட்டு மரங்கொத்திக்கு முதுகு இரத்தச் சிவப்பு. இங்கே எங்கள் தென்னையில் வருவதற்குப் பொன் மஞ்சள். இங்கே உள்ளது குஞ்சா? (வாசகர், இணுவில்)

பதில்: இரண்டும் முதிர்ந்த பறவைதான், வயது வித்தியாசம் இல்லை. தெற்கில் உள்ள சிவப்பு முதுகு மரங்கொத்தி இலங்கைக்கே உரியது. வடக்கில் உள்ளது இந்தியாவிலும் இருக்கும் பொன்முதுகு மரங்கொத்தியின் கிளை; அதன் அறிவியல் பெயரில் மூன்றாவது சொல்லே "ஜாஃப்னென்ஸ்", யாழ்ப்பாணத்தது என்று பொருள். நம்மூர்ப் பெயர் தாங்கிய பறவையைத் தினமும் தென்னையில் பார்த்துக்கொண்டு கொழும்புப் பறவைக்காக ஏங்குவானேன்!

இரண்டும் சந்திக்கும் இடைப்பட்ட பகுதிகளில் கலந்து இனப்பெருக்கம் செய்வதால், மஞ்சளும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் செம்மஞ்சள் முதுகோடு பறவைகள் உண்டு. அநுராதபுரப் பக்கம் பயணம் போனால் கவனித்து, இடத்தையும் திகதியையும் குறித்து வையுங்கள்.

ஆணா பெண்ணா என்பதைத் தலை சொல்லும். ஆணுக்கு நெற்றியிலிருந்து கொண்டை வரை சிவப்பு. பெண்ணுக்கு முன்நெற்றி கறுப்பு, அதில் வெள்ளைப் பொட்டுகள்; பின்னால் கொண்டை மட்டும் சிவப்பு.

கேள்வி: எங்கள் ஒழுங்கைக் கம்பியில் இருக்கும் இரட்டைவால் குருவி காகத்தையே துரத்தித் துரத்திக் கொத்துகிறது. வவுனியாவில் பார்த்ததற்கு வயிறு வெள்ளை. அது பெண்ணா? (பாடசாலை மாணவி, சுண்டுக்குளி)

பதில்: இல்லை, வேறு இனம். முழுக் கறுப்பான கரிக்குருவி இலங்கையில் வடக்கையும் அதை ஒட்டிய வறண்ட கரையையும் சேர்ந்தது. வெள்ளை வயிற்றுக் கரிக்குருவி வன்னிக் காட்டோரத்திலும் அதற்குத் தெற்கேயும் சாதாரணம். இரண்டிலும் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. கரிக்குருவியின் இளசுகளுக்கு வயிற்றில் வெள்ளைச் செதில் கோடுகள் இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கிட்ட இருந்தால் வாயின் மூலையைப் பார்: கரிக்குருவிக்கு அங்கே ஒரு சிறு வெள்ளைப் பொட்டு இருக்கும்.

காகத்தைத் துரத்துவது கூட்டைக் காக்க. கரிக்குருவி கூடு கட்டிய மரத்திலேயே புறாவும் கொண்டைக்குருவியும் கூடு கட்டுவது உண்டு, காவலுக்குக் கூலி கொடுக்கத் தேவையில்லையே. எந்த மரத்துக்குத் திரும்பித் திரும்பிப் போகிறது என்று கவனித்தால் கூடு அங்கேதான். பார்த்துவிட்டுத் தள்ளி நில். நீ அடிக்கடி போய் நின்றால் காகத்துக்கு வழி காட்டியதாகிவிடும்.

கேள்வி: இந்தியாவில் அச்சான பறவை நூல் ஒன்று வைத்திருக்கிறேன். அதன்படி, பழைய பூங்காவில் நான் பார்த்த சிறிய ஆந்தை புள்ளி ஆந்தை. சரிதானா? (வாசகர், அரியாலை)

பதில்: சரியாக இருக்க முடியாது. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கும் புள்ளி ஆந்தை இலங்கையில் இல்லை. அங்கே தோட்டந்தோறும் கத்தும் வால்காக்கையும் இங்கே இல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே முப்பது கிலோமீற்றர் அளவு கடல்தான். வலசைப் பறவைக்கு அது ஒரு தூரமே அல்ல, இடம்பெயராத பறவைக்கு அது சுவர். நீங்கள் பார்த்ததற்குத் தலையில் காதுபோல இரண்டு இறகுக் குடுமி இருந்ததா, பகலில் மரத்தண்டோடு ஒட்டிக் கண்ணை இடுக்கி இருந்ததா? அப்படியானால் அது செவியாந்தை. குடுமி இல்லாமல் முகம் வெள்ளை இதயம்போல இருந்தால் கூகை. பழைய கட்டடங்களில் குடியிருப்பது அதுதான்.

கொழும்பில் அச்சான நூலும் முழுக்கப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தென்னிலங்கையில் கவுதாரியையும், பிடரியில் கறுப்புக் கீற்று உள்ள வெளிர்சாம்பல் வளையப்புறாவையும், நீளவால் கீச்சானையும் தேடி அலைய வேண்டும். நமக்கு அவை தோட்ட வரம்பிலும் தரவையிலும் நிற்கின்றன. எந்த நூலை வாங்கினாலும் ஒவ்வொரு பறவைக்கும் பக்கத்தில் இருக்கும் வரைபடத்தில் குடாநாட்டுக்கு நிறம் பூசியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பெயர் வையுங்கள்.

கேள்வி: போன ஐப்பசியில் விடிய எழும்பிப் பார்த்தால் விறாந்தையில் ஒரு குருவி சுருண்டு கிடந்தது. பச்சை முதுகு, வயிற்றடி சிவப்பு, செட்டையில் நீலம், வால் இல்லாத மாதிரிக் கட்டை. தண்ணீர் பருக்கினோம், செத்துவிட்டது. என்ன பிழை விட்டோம்? (வாசகி, சண்டிலிப்பாய்)

பதில்: அது ஆறுமணிக்குருவி. இந்தியாவிலிருந்து புரட்டாதி ஐப்பசியில் வந்து, சித்திரையோடு திரும்பிவிடும். இரவில் பறந்து கடல் தாண்டி வருவதால், களைத்த பறவை வெளிச்சத்தைக் கண்டு தடுமாறிச் சுவரிலும் யன்னலிலும் மோதும். மோதியதிலேயே உள்ளே காயம்பட்டிருந்தால் எவராலும் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் தண்ணீர் பருக்கியது பிழைதான். பறவையின் நாக்கடியிலேயே மூச்சுத் துவாரம் இருக்கிறது. சொண்டைத் திறந்து ஊற்றினால் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும்.

இனி நடந்தால் இப்படிச் செய்யுங்கள். சப்பாத்துப் பெட்டி ஒன்றின் அடியில் பழைய துணியை விரித்து, பென்சில் பருமனில் ஏழெட்டுத் துளை போட்டு, பறவையை உள்ளே வைத்து மூடுங்கள். பூனையும் பிள்ளைகளும் வராத இருட்டறையில் ஒன்று, இரண்டு மணித்தியாலம். திறந்து திறந்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் அது பயத்தில் துடிக்கும். உள்ளே துள்ளும் சத்தம் கேட்டால், சருகு கிடக்கும் மரநிழலுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைச் சரித்துத் திறந்து தள்ளிப் போய் நில்லுங்கள். தானாக வெளியே வரட்டும், மேலே எறிய வேண்டாம். இரண்டு மணித்தியாலம் கழிந்தும் எழும்பாவிட்டால், அல்லது செட்டை தொங்கினால், மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

பிழைத்த ஆறுமணிக்குருவி வளவில் தங்கினால், மாரி முழுக்க விடியலிலும் பொழுதுபடவும் இரட்டைச் சீழ்க்கை கேட்கும். பார்க்க வேண்டுமானால் கொப்பை அல்ல, நிலத்தைப் பாருங்கள். மாவின் கீழ் சருகைப் புரட்டிப் புழு பொறுக்கியபடி தத்தித் தத்திப் போகும். வளவைத் தினமும் கூட்டி எரிக்கிற வீட்டில் அதற்குச் சாப்பாடு இல்லை. ஒரு மூலையில் சருகை விட்டு வையுங்கள்.

கேள்வி: பனையைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும் சின்னக் குருவி எங்கேயும் இருக்கக் காணவில்லை. தகைவிலானா? (வாசகர், கோப்பாய்)

பதில்: கம்பியில் வரிசையாக இருந்தால் தகைவிலான். இருக்கவே காணவில்லை என்றால் பனை உழவாரன். அதன் கால் பற்றித் தொங்க மட்டுமே உதவும், கம்பியில் நிற்க முடியாது. உண்பதும் குடிப்பதும் பறந்தபடியே. தொங்கும் காவோலையின் அடிப்புறத்தில், மடிப்புக்குள், இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஒட்டி ஒரு சின்னக் கிண்ணம்போலக் கூடு வைக்கும். காற்றில் ஓலை ஆடும்போது கூடும் சேர்ந்து ஆடும். ஆகவே காவோலை வெட்டும்போது சுற்றிப் பறக்கும் குருவி இருந்தால் அந்த மரத்தை மட்டும் கொஞ்ச நாள் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புல்லுக்குளத்திலும் பண்ணையிலும் நிற்கும் வெள்ளைக் கொக்கெல்லாம் ஒன்றுதானா? (வாசகர், குருநகர்)

பதில்: ஐந்து வகையாவது இருக்கும். காலையும் சொண்டையும் பாருங்கள். சொண்டு கறுப்பு, கால் கறுப்பு, ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் சப்பாத்துப் போட்டதுபோல: சின்னக் கொக்கு. அது சேற்றில் ஒரு காலை அதிரவைத்து மீனைக் கிளப்பும். அப்போது மஞ்சள் பாதம் நன்றாகத் தெரியும். சொண்டும் கழுத்தும் கட்டை, தாடை உப்பல், மாட்டோடு புல்லில் நிற்கிறது: உண்ணிக்கொக்கு. இனப்பெருக்க காலத்தில் தலையும் மார்பும் செம்மஞ்சளாகும்.

மஞ்சள் சொண்டுள்ள பெரிய இரண்டைப் பிரிப்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். உயரத்தை நம்ப வேண்டாம், பக்கத்தில் வேறொன்று நின்றால்தான் உயரம் தெரியும். வாய்ப்பிளவின் கோடு கண்ணுக்கும் பின்னால் நீண்டால் பெரிய கொக்கு. கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரக் கொக்கு. இருபது, முப்பது மீற்றருக்குள் தொலைநோக்கியில் நன்றாகத் தெரியும். பெரிய கொக்கின் மஞ்சள் சொண்டு கூடு கட்டும் காலத்தில் கறுத்துவிடும் என்பதால் சொண்டின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

ஐந்தாவது குருட்டுக்கொக்கு. நிற்கும்போது சேற்று நிறம், பறந்தால் திடீரென்று வெள்ளை. பண்ணையில் இவற்றோடு கரும்சாம்பல் நிறத்தில் தொண்டை மட்டும் வெள்ளையாக ஒன்று நின்றால், அது கடற்கரைக் கொக்கு.

கேள்வி: சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியை நம்பலாமா? (பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி)

பதில்: துப்புக்கு நல்லது, தீர்ப்புக்குப் போதாது. இலங்கைக்கான தொகுப்பைத் தரவிறக்கி, இடத்தைச் சரியாகக் கொடுத்த பிறகே பயன்படுத்துங்கள். கரிக்குருவி வல்லூறுபோலக் கத்தி மைனாவை விரட்டும். மனிதரையே ஏமாற்றும் சத்தம் செயலியை ஏமாற்றாதா? அது காட்டிய பெயரைக் கண்ணால் பார்த்த பிறகே குறிப்பேட்டில் எழுதுங்கள். பறவையை வரவழைக்கப் பதிவு செய்த சத்தத்தைப் போடுவது கூடாது. கூட்டை விட்டு எதிரியைத் தேடி வந்து அலையும். அந்த இடைவெளி காகத்துக்குப் போதும்.

கேள்வி: காரின் பக்கக் கண்ணாடியைத் தேன்சிட்டு நாள் முழுக்கக் கொத்துகிறது. ஏன்? (வாசகர், நல்லூர்)

பதில்: கண்ணாடிக்குள் இருப்பதைத் தன் இடத்துக்கு வந்த இன்னொரு ஆண் என்று நினைக்கிறது. நிறுத்தியதும் கண்ணாடியை மடித்து, பழைய காலுறையைப் போட்டு மூடுங்கள். யன்னல் என்றால் வெளிப்பக்கத்தில் கடதாசி ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் பிம்பம் இன்னும் நன்றாகத் தெரியும்.

கேள்வி: கூட்டிலிருந்து விழுந்த புலுனிக் குஞ்சைப் பிள்ளைகள் எடுத்து வந்துவிட்டார்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்கிறார்களே? (வாசகி, மானிப்பாய்)

பதில்: அது வெறும் பேச்சு. கை பட்டதற்காகப் பறவைகள் குஞ்சைக் கைவிடுவதில்லை. உடம்பெல்லாம் இறகு முளைத்து, தத்தித் திரிந்தால் அது விழுந்த குஞ்சல்ல, பறக்கப் பழகும் குஞ்சு. எடுத்த இடத்துக்குப் பக்கத்தில், பூனைக்கு எட்டாத கொப்பில் வையுங்கள். புலுனி கூட்டமாக வாழும் பறவை. தாய் மட்டுமல்ல, கூட்டத்தில் மற்றவையும் இரை ஊட்டும், அதனால் அரை மணித்தியாலத்துக்குள் யாராவது வந்துவிடுவார்கள். இறகில்லாத குஞ்சு என்றால் கூட்டுக்குள்ளேயே திரும்ப வையுங்கள். கூடு சிதைந்திருந்தால் அடியில் துளையிட்ட சிரட்டைக்குள் தும்பு பரப்பி அதே கொப்பில் கட்டிவிடலாம். பாலும் பாணும் சோறும் கொடுக்க வேண்டாம்.

கூட்டத்தில் ஒரு குஞ்சு மட்டும் கறுப்பும் வெள்ளையுமாக, தலையில் கொண்டையோடு, ஊட்டுபவரை விடப் பெரிதாக நின்றால் திகைக்காதீர்கள். அது சுடலைக்குயிலின் குஞ்சு. குயில் காகக் கூட்டில் முட்டையிடுவதுபோல, இது புலுனிக் கூட்டில் இடும்.

கேள்வி: பூநாரை பார்க்க எப்போது, எங்கே போவது? கிட்டப் போய்ப் படம் எடுக்க எவ்வளவு தூரம் போகலாம்? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: கார்த்திகையிலிருந்து பங்குனி வரை. பரவைக்கடலில் மழைவெள்ளம் கூடினால் அவை நிற்க ஆழம் ஒத்துவராது, வற்றி முழங்கால் மட்டத்துக்கு வரும்போது கூட்டம் கூடும். அதனால் மாரி முடிந்த தை, மாசியே நிச்சயமான காலம். மண்டைதீவு, அராலி, நாவற்குழிப் பக்கங்களை வீதியிலிருந்தே பார்க்கலாம். நாள் முழுக்க ஒதுக்க முடிந்தால் சுண்டிக்குளம். தூரத்தில் வெள்ளைக் கோடுபோலத் தெரியும். பறந்தால்தான் செட்டையின் சிவப்பும் கறுப்பும் தெரியும். நடுவே சாம்பல் நிறத்தில் நிற்பவை இளசுகள், நோயாளிகள் அல்ல.

மீற்றர்க் கணக்கு வேண்டாம், பறவையைப் பாருங்கள். தலையைக் கவிழ்த்து, சொண்டைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து அரித்துக்கொண்டிருந்தால் நீங்கள் நிற்பது சரியான தூரம். பல தலைகள் ஒரேயடியாக நிமிர்ந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் இன்னும் ஓர் எட்டு வைத்தால் பறக்கும். பத்துப் பதினைந்து எட்டுப் பின்னுக்கு வந்து பதுங்கியிருங்கள்.

கேள்வி: பங்குனி, சித்திரை வெக்கையில் பறவைக்குத் தண்ணீர் வைக்கலாம் என்றால், நுளம்பு பெருகும் என்று சுகாதாரப் பரிசோதகர் பேசுகிறார். (வாசகி, உரும்பிராய்)

பதில்: அவர் பேசுவதில் நியாயம் இருக்கிறது. டெங்கு நுளம்பின் முட்டை வளர்ந்து நுளம்பாக ஒரு வாரமளவு போதும். தண்ணீரைத் தினமும் கொட்டி, சட்டியின் உள்விளிம்பைத் தும்பால் தேய்த்துக் கழுவினால் அந்தப் பயம் இல்லை. முட்டை ஒட்டியிருப்பது விளிம்பில்தான். தண்ணீரை மாற்றிவிட்டுத் தேய்க்காமல் விட்டால் பயனில்லை.

சட்டி அகலமாகவும், ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமலும் இருக்கட்டும். மினுக்கம் பூசிய பீங்கான் கால் வழுக்கும், மண்சட்டிதான் நல்லது. தேன்சிட்டு நிற்க ஒரு கல்லை நடுவில் வையுங்கள். மேலே ஒரு கொப்பு இருக்க வேண்டும், சுற்றி ஆறேழு அடிக்குப் பற்றை இருக்கக் கூடாது. பூனை பதுங்குவது பற்றையில்தான். முதல் நாலைந்து நாள் காகம் மட்டுமே வந்து பாண்துண்டை நனைத்துத் தின்னும். கொண்டைக்குருவி ஒன்று குளித்துவிட்டுப் போனால் மற்றவையும் வரத் தொடங்கும்.